அம்மாவின் ஜெர்மன் ஸ்கேன் ரிப்போர்ட்: எது புற்றுநோய், எது வெறும் சந்தேகம்?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் விஷயம் பிடிபட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 2016-ல் வலது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து இத்தனை வருடமாக நன்றாக இருக்கிறார். இப்போது செக்கப்புக்குப் போன இடத்தில் வயிற்று அல்ட்ராசவுண்டில் கல்லீரலில் 14 மில்லிமீட்டரில் ஏதோ தெரிந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் இருந்த வரி இது: ‘லேபர் செக்மெண்ட் 6, எக்கோரைஷ், ஷார்ஃப் பெக்ரென்ஸ்ட், ரௌம்ஃபோர்டருங், டிக்னிடேட் உன்க்லார், ஆம் ஏயெஸ்டன் ஹெமாங்கியோம், டிடி ஃபீலியா, எம்ஆர்டி எம்ப்ஃபோலன்.’ மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டதும் ‘கண்ணியம் தெளிவில்லை’ என்றும் ‘மகள்’ என்றும் வந்திருக்கிறது. கூடவே பரிந்துரைச் சீட்டில் ‘சி78.7 வி’ என்று ஒரு குறியீடு. அதை இணையத்தில் தேடினால் கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய் என்று காட்டுகிறது. டாக்டரோ ஸ்கேன் வரட்டும், பார்க்கலாம் என்கிறார். சொற்களுக்கு அர்த்தம் மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு: புற்று திரும்பிவிட்டதா, டாக்டர்கள் தெரிந்துகொண்டே மறைக்கிறார்களா?

இரண்டாவதற்கு நேரான பதில்: மறைக்கவில்லை. அந்த வரியில் அவர்களுக்குத் தெரிந்தது எல்லாமே இருக்கிறது, தெரியாததும் அதிலேயே எழுதியிருக்கிறது. முதல் கேள்விக்கு அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் டாக்டர் இல்லை. ஜெர்மனியில் ஒரு பேத்தாலஜி துறையில், அதாவது சதைத் துணுக்குகளைச் சோதித்து நோயைச் சொல்லும் இடத்தில், டாக்டர்கள் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் தட்டச்சு செய்து சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தேன், பிறகு தமிழ்க் குடும்பங்களோடு துபாஷியாக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறேன். அதனால் சொற்களைப் பற்றி உறுதியாகப் பேசுவேன், உங்கள் அம்மாவின் கல்லீரலைப் பற்றிப் பேச மாட்டேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆர்ட்ஸ்ட்ப்ரீஃப் என்கிற அந்த மருத்துவக் கடிதம் உங்களுக்கு எழுதப்பட்டதில்லை. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு, பெரும்பாலும் உங்கள் ஹவுஸ்ஆர்ட்ஸ்டுக்கு, அதாவது குடும்ப டாக்டருக்கு எழுதுவது. கையில் உங்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் அதில் ‘க்ரெப்ஸ்’ என்ற சாதாரண ஜெர்மன் சொல் அனேகமாக வராது. அது நோயாளியிடம் பேசும்போது வரும் சொல், டிவியில் வரும் சொல். காகிதத்தில் மாலிக்னோம், கார்ட்சினோம், ப்யோஸ்ஆர்டிகெ நொய்பில்டுங், அதாவது கேடு செய்யும் புதுவளர்ச்சி, இல்லை வெறும் ‘கா’ என்று வரும். மம்மா-கா என்றால் மார்பகப் புற்று, ப்ரோஸ்டாடா-கா, கோலோன்-கா என்று வரிசையாகப் போகும். க்ரெப்ஸ் என்ற சொல்லைத் தேடிப் பார்த்து, இல்லை என்றதும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன், ‘டூமர்’ என்று இருப்பதைப் பார்த்து அழுது தீர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே தப்பான இடத்தில் பார்ப்பது. டூமர் என்றால் கட்டி, நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் சொல்லாது. நோயின் பெயரைவிட, அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொற்களைத்தான் படிக்க வேண்டும். எழுதியவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பது அங்கேதான் இருக்கிறது.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். லேபர் என்றால் கல்லீரல், செக்மெண்ட் 6 அதில் ஒரு பகுதி. ரௌம்ஃபோர்டருங் என்றால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று. நீர்க்கட்டி, சீழ்க்கட்டி, ரத்தக்கட்டு, சாதாரணக் கட்டி, புற்று எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். ஸ்கேனில் ஏதோ இருக்கிறது, அது என்ன என்று இப்போதைக்குச் சொல்லவில்லை, என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நுரையீரலில் என்றால் இதே வேலையை ‘ருண்ட்ஹெர்ட்’ செய்யும், அதாவது உருண்டையான ஒரு புள்ளி. எக்கோரைஷ் என்றால் அல்ட்ராசவுண்டில் வெளிச்சமாகத் தெரிந்தது. ஷார்ஃப் பெக்ரென்ஸ்ட் என்றால் ஓரங்கள் தெளிவாக இருக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து வருவது ஹெமாங்கியோமுக்கு வழக்கமான தோற்றம், அதனால்தான் டாக்டர் அந்தப் பெயரை முதலில் எழுதியிருக்கிறார். ஹெமாங்கியோம் என்பது ரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்டு உண்டாகும் தீங்கில்லாத கட்டி. கல்லீரலில் வரும் தீங்கற்ற கட்டிகளிலேயே இதுதான் மிகச் சாதாரணம், பலருக்கு வாழ்நாள் முழுக்க இருந்தும் தெரியாமலே போய்விடும்.

டிக்னிடேட் என்ற சொல்தான் செயலிகளைக் கவிழ்க்கிறது. ஜெர்மன் மருத்துவத்தில் டிக்னிடேட் என்றால் ஒரு கட்டியின் குணம்: குட்ஆர்டிக்கா, அதாவது தீங்கற்றதா, இல்லை ப்யோஸ்ஆர்டிக்கா, அதாவது கேடு செய்வதா. டிக்னிடேட் உன்க்லார் என்றால் ‘இந்தப் படத்தை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியவில்லை.’ கண்ணியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆங்கிலத்தில் டாக்டர்கள் இந்த இடத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை, அதனால் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் செயலிகள் இங்கே அடிக்கடி தடுக்கி விழும். ஃபீலியா லத்தீனில் மகள். புற்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவி முளைத்ததை ஜெர்மன் டாக்டர்கள் அப்படி எழுதுவார்கள், பன்மையில் ஃபீலியே. நோயாளியிடம் பேசும்போது மெடஸ்டாஸெ என்பார்கள், பழைய ஆட்கள் டோக்டர்கெஷ்வுல்ஸ்ட், மகள் கட்டி என்றே சொல்வார்கள். ஆக உங்கள் செயலி ‘மகள்’ என்று கொடுத்தது அகராதிப்படி சரிதான், உங்களுக்குத்தான் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது அந்த வரியின் உயிரான இடம்: ‘ஆம் ஏயெஸ்டன் ஹெமாங்கியோம், டிடி ஃபீலியா.’ ஆம் ஏயெஸ்டன் என்றால் ‘பெரும்பாலும் இதுதான்.’ டிடி என்றால் இதற்கு மாற்றாக நினைத்துப் பார்க்க வேண்டிய மற்ற நோய். அப்படியென்றால் டாக்டர் எழுதியது: பார்த்தால் தீங்கில்லாத ரத்தக்குழாய்க் கட்டி மாதிரி இருக்கிறது, ஆனால் இவருக்கு ஏற்கெனவே மார்பகப் புற்று வந்திருப்பதால் அது பரவியதாக இருக்கலாம் என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு விட முடியாது, எம்ஆர்டி எடுங்கள். எம்ஆர்டி என்பது நாம் எம்.ஆர்.ஐ. என்று சொல்வதுதான். இதே 14 மில்லிமீட்டர் கட்டி, புற்று வரலாறே இல்லாத ஒருவருக்கு இருந்திருந்தால் டிடி-க்குப் பின்னால் ஃபீலியா வராமலே போயிருக்கலாம். அந்தச் சொல் உங்கள் அம்மாவின் கல்லீரலைப் பார்த்து வந்ததைவிட அவருடைய 2016-ஐப் பார்த்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த உறுதிச் சொற்களை ஒரு ஏணி மாதிரி மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஜெர்மன் ரிப்போர்ட்டையும் ஓரளவு படித்துவிடலாம். கீழ்ப்படியில் ‘கைன் அன்ஹால்ட் ஃப்யூர்’, அதற்கான அடையாளம் ஏதுமில்லை. அது நல்ல செய்தி. ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் சத்தியம் செய்ய மாட்டார்கள், இதைவிட உறுதியாக ‘இல்லை’ என்று சொல்லவும் மாட்டார்கள். ‘உன்அவுஃபெல்லிக்’ என்றால் கண்ணில் படும்படி எதுவும் இல்லை, அதாவது நார்மல். ‘ஓ.பி.’ என்று இரண்டு எழுத்து இருந்தால் ஓனெ பெஃபுண்ட், குறை ஒன்றும் தென்படவில்லை. அடுத்து ‘நிஷ்ட் அவுஸ்ட்சுஷ்லீசன்’, தள்ளிவிட முடியாது. இது படிக்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பல நேரம் தற்காப்புக்காக எழுதுவது. ‘ஃபெரைன்பார் மிட்’ என்றால் அந்த நோயோடு ஒத்துப்போகிறது, வேறு பலவற்றோடும் ஒத்துப்போகலாம். ‘வி.ஏ.’ என்பது ஃபெர்டாக்ட் அவுஃப், சந்தேகம். அதற்கு முன்னால் ‘ட்ரிங்கெண்டர்’ என்று சேர்ந்தால் பலமான சந்தேகம், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ‘கெசிஷர்ட்’ அல்லது ‘ஹிஸ்டோலோகிஷ் கெசிஷர்ட்’, சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்தது. மேல்படியும் கீழ்ப்படியும் எல்லா டாக்டருக்கும் ஒன்றுதான். நடுப்படிகள் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் பத்துக்கு ஒன்பது சாத்தியம் என்றால்தான் ஆம் ஏயெஸ்டன் என்பார்கள், சிலர் பாதிக்குமேல் என்றாலே எழுதிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு இத்தனை சதவீதம் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

பரிந்துரைச் சீட்டில் இருந்த ‘சி78.7 வி’ விஷயம் இன்னும் எளிது, ஆனால் இதில்தான் அதிகம் பேர் உடைந்துபோகிறார்கள். சி78.7 என்பது நோய்களுக்கான குறியீட்டுப் பட்டியலில் கல்லீரலுக்குப் பரவிய புற்று, அது சரி. ஜெர்மனியில் கிளினிக்குகளில், அதாவது ஆஸ்பத்திரியில் படுக்காமல் வந்துபோகும் சிகிச்சையில், குறியீட்டுக்குப் பின்னால் கட்டாயமாக ஒரு எழுத்து போட வேண்டும். ஜி என்றால் உறுதியானது. வி என்றால் சந்தேகம். ஏ என்றால் இல்லை என்று முடிவானது. இசட் என்றால் முன்பு இருந்து, இப்போது தொந்தரவில்லாத நிலை. ‘எம்.ஆர்.ஐ. எதற்கு’ என்பதற்கான காரணமாக அந்த வி குறியீட்டைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாளைக்கு ஸ்கேனில் ஹெமாங்கியோம் என்று முடிவானால் அதே சி78.7-க்குப் பின்னால் ஏ வந்து நிற்கலாம். அப்போதும் யாராவது முன்பாதியை மட்டும் கூகுளில் போட்டுத் தூக்கம் கெடுவார்கள். பின்னால் இன்னொரு எழுத்தாக ஆர், எல், பி என்று வந்தால் அது வலது, இடது, இரண்டு பக்கமும். ஆஸ்பத்திரியில் படுத்து வெளியே வந்தவர்களின் டிஸ்சார்ஜ் கடிதத்தில் இந்த ஜி, வி, ஏ, இசட் முறை கிடையாது, அங்கே இதைத் தேட வேண்டாம்.

இதே ‘ஜி’ வேறொரு வேஷத்திலும் வரும். உங்கள் அம்மாவின் பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், அதிலிருந்து ஒரு வரியைப் படமாகப் போட்டிருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்: ‘பிடி1சி, பிஎன்0 எஸ்என் 0/3, ஜி2, எல்0, வி0, ஆர்0.’ சின்ன பி என்றால் பேத்தாலஜியில் வெட்டிப் பார்த்துச் சொன்னது. அதே இடத்தில் சி இருந்தால் கைபார்த்தும் ஸ்கேனிலும் கணித்தது, ஒய் இருந்தால் முன்பே கீமோ போன்ற சிகிச்சை கொடுத்த பிறகு பார்த்தது. டி1சி என்றால் மார்பகத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல், இரண்டு சென்டிமீட்டர் வரை. எஸ்என் என்பது அக்குளில் புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய நெறிக்கட்டிகள், ஜெர்மனில் வெஷ்டர்லிம்ஃப்க்னோடன், காவல் முடிச்சு. 0/3 என்றால் மூன்று எடுத்துப் பார்த்தோம், ஒன்றில்கூடப் புற்று இல்லை. இந்தப் பின்னத்தைத் தேதி என்று நினைத்தவர்கள் உண்டு. இங்கே வரும் வி0 சந்தேகம் இல்லை, ரத்தக்குழாய்க்குள் புற்றுச் செல்கள் நுழையவில்லை என்பது. எல்0 அதே விஷயம் நிணநீர்க்குழாய்க்கு. ஜி2 என்பது செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்ற தரம், ஒன்றிலிருந்து மூன்றுவரை, இரண்டு நடுத்தரம்.

ஆர்0-ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் நிறைய வேலை இருக்கிறது. மார்பிலிருந்து எடுத்த சதைத்துண்டு ஆபரேஷன் அறையிலிருந்து வரும்போது அதில் நூல் கட்டியிருக்கும், எந்த நூல் மேல்பக்கம், எது முலைக்காம்புப் பக்கம் என்று சர்ஜன் சீட்டில் எழுதியிருப்பார். வந்ததும் அதன் வெளிப்பரப்பு முழுக்க மை தடவுவார்கள். பிறகு மெல்லிசாக அறுத்து, மெழுகில் பதித்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அந்த மைக்கோடு அப்படியே தெரியும். புற்றுச் செல் அந்தக் கோட்டைத் தொடவில்லை என்றால் ஆர்0. மைக்ராஸ்கோப்பில் தொடுவது தெரிந்தால் ஆர்1, கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே மிச்சம் இருந்தால் ஆர்2. டாக்டர்கள் டிக்டேட் செய்யும்போது ‘இம் கெசுண்டன் என்ட்ஃபெர்ன்ட்’ என்பார்கள், ஆரோக்கியமான சதையோடு சேர்த்து எடுக்கப்பட்டது என்று. புற்றுநோய் ஆபரேஷன் ரிப்போர்ட் முழுவதிலும் ஒரு வரிதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைத் தேடுங்கள். உங்கள் அம்மாவுக்கு அது நன்றாகவே இருந்திருக்கிறது, நெறிக்கட்டியும் சுத்தம். இப்போதைய கல்லீரல் விஷயத்தை அது தீர்த்துவைக்காது, ஆனால் தொடக்கம் சாதகமாக இருந்தது என்பது உண்மை.

ஆங்கிலம் தெரிந்த நம்மவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது: ‘ப்ரோக்ரெஸ்.’ முன்னேற்றம் என்று படித்துவிட்டு ஊருக்கு ஃபோன் போட்டு நல்ல செய்தி சொன்ன ஒரு மகளை எனக்குத் தெரியும். கடிதத்தில் டூமர்ப்ரோக்ரெஸ் என்றால் முன்னேறியது நோய். ப்ரோக்ரெடியென்ட் வளர்கிறது, ரெக்ரெடியென்ட் சுருங்குகிறது, க்ரோசென்கான்ஸ்டன்ட் அளவு மாறவில்லை. அதே மாதிரி ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’. நெறிக்கட்டி நெகட்டிவ் என்றால் சந்தோஷம், ஆனால் மார்பகப் புற்றில் ஹார்மோன் ரிசப்டர் பாசிட்டிவ் என்றால் அதுவும் பெரும்பாலும் சாதகம்தான், மாத்திரையால் அடக்க ஒரு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ‘இசட்.என்.’ இது ட்சூஷ்டாண்ட் நாக், இன்னதற்குப் பிறகான நிலை. இசட்.என். மம்மா-கா 2016 என்று கடிதத்தின் தலையிலேயே இருப்பதைப் பார்த்து இப்போது மறுபடி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த வரி இனி அம்மாவுக்குப் பல் வலி என்று போனாலும் கூடவே வரும். திரும்பி வந்ததற்குச் சொல் ‘ரெட்சிடீஃப்.’

நோய்ப் பெயர்களில் குழப்புபவை கொஞ்சம் உண்டு. கெஷ்வ்யூர் என்றால் புண், கெஷ்வுல்ஸ்ட் என்றால் கட்டி. மாகன்கெஷ்வ்யூர் வயிற்றுப் புண், அல்சர். ஆனால் வயதான ஜெர்மானியர்கள் பேச்சில் புற்றையும் கெஷ்வ்யூர் என்பார்கள், அதனால் பக்கத்துப் படுக்கைப் பாட்டி சொல்வதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், காகிதத்தில் உள்ளதைப் பாருங்கள். பசாலியோம் தோலில் வருவது, இதை வெள்ளைத் தோல் புற்று வகையில் சேர்ப்பார்கள், இருக்கும் இடத்தில் அரித்துக்கொண்டு போகும், பரவுவது மிக அபூர்வம். கறுப்புத் தோல் புற்று என்று அவர்கள் சொல்வது மெலனோம், அது முற்றிலும் வேறு தீவிரம். இந்த வெள்ளை, கறுப்பு நோயாளியின் தோல் நிறத்தைப் பற்றியது இல்லை. ப்ளாஸ்மோட்ஸிடோம் என்று ஜெர்மன் டாக்டர் எழுதினால் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றான மல்டிபிள் மைலோமாவைத்தான் சொல்கிறார், ஆங்கில இணையதளத்தில் அதே பெயரைத் தேடினால் ஒரே இடத்தில் நிற்கும் தனிக் கட்டியைப் பற்றிப் படிப்பீர்கள், சிகிச்சையே வேறு. பழைய டாக்டர் என்றால் அதையே மோர்புஸ் காலர் என்றுகூட எழுதியிருப்பார். மோர்புஸ் என்றால் நோய் என்று மட்டும்தான், அதற்குப் பின்னால் ஒரு பெயர் வந்தாலே புற்று என்று இல்லை. தைராய்டில் கால்டர் க்னோடன், குளிர்ந்த முடிச்சு, என்றால் ஐசோடோப் ஸ்கேனில் அந்த இடம் மருந்தை உறிஞ்சவில்லை என்று பொருள். அதில் புற்று இருக்கும் வாய்ப்பு சூடான முடிச்சைவிட அதிகம் என்பதால் சோதிப்பார்கள், ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. நீண்ட காலம் அயோடின் குறைவாக இருந்த நாடு அது, கழுத்தில் முடிச்சு இல்லாத முதியவரைத் தேட வேண்டியிருக்கும்.

பெண்கள் அடிக்கடி கேட்பது பாப் ரிசல்ட், அதாவது கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனையின் முடிவு. ஜெர்மனியில் இதற்கு ம்யூன்ஷென் (மியூனிக்) முறை என்று சொந்தமாக ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள், ஒன்றிலிருந்து ஐந்துவரை ரோமன் எண்களில், நடுநடுவே டி, பி, ஜி என்று எழுத்துகளோடு. மூன்று டி1 என்றால் கருப்பை வாயில் லேசான மாற்றம், பல நேரம் தானாகவே சரியாகும், சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். அது மூன்றாம் கட்டப் புற்று இல்லை. எண் ஒன்றாக இருப்பதால் இந்தக் குழப்பம் எல்லா வீட்டிலும் வருகிறது. இந்த மாற்றங்களைச் சேர்த்துச் சொல்லும் பெயர் ப்ரேகான்ட்செரோசெ, புற்றுக்கு முந்தைய நிலை. கருப்பை வாய்ப் புற்றுக்கு ஹெச்.பி.வி. வைரஸ்தான் காரணம் என்று காட்டியவரே ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் இருந்த ஹரால்ட் ட்சூர் ஹவுசன், 2008-ல் நோபல் பரிசு வாங்கினார். 2020-லிருந்து அங்கே 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பாப்போடு ஹெச்.பி.வி. சோதனையும் சேர்த்தே செய்கிறார்கள்.

சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாத சொற்களும் இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களைத் தாலாட்டித் தூங்க வைத்த மாதிரி ஆகிவிடும். பெரிடோனேயால்கார்ட்சினோசெ என்றால் வயிற்றுக்குள் விரிந்திருக்கும் சவ்வில் புற்று பரவியது. லிம்ஃபாங்கியோசிஸ் கார்ட்சினோமடோசா என்றால் நிணநீர்க்குழாய்கள் வழியாக, பெரும்பாலும் நுரையீரலில். மாலிக்னர் ப்ளூராஎர்குஸ் என்றால் நுரையீரலைச் சுற்றிப் புற்றால் சேர்ந்த நீர். பாலியாட்டிவ் என்று வந்தால் நோயை முழுதாக விரட்டுவது இலக்கு இல்லை, கட்டுப்படுத்துவதும் வலி குறைப்பதும்தான் இலக்கு. ஆனால் பாலியாட்டிவ் கீமோவோடு வருடக்கணக்கில் வாழ்பவர்கள் உண்டு, நாளைக்கே முடிவு என்று அதைப் படிக்கக் கூடாது. ‘இன்ஃபௌஸ்ட்’ என்ற லத்தீன் வாடைச் சொல்தான் கடினமானது, தேறும் நம்பிக்கை இல்லை என்று பொருள். அந்தச் சொல்லை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், காகிதத்தில் மட்டும் இருக்கும். பி-சிம்ப்டோமாடிக் என்பது காய்ச்சல், ராத்திரி உடுப்பு நனையும் அளவுக்கு வியர்வை, ஆறு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறைவது. உங்கள் ரிப்போர்ட்டில் இது ‘ஃபெர்னைண்ட்’ என்று இருக்கிறது, இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. துணுக்கு எடுத்து, அதில் புற்று இல்லை என்று வந்தால் அந்தத் துணுக்கில் இல்லை என்றுதான் பேத்தாலஜிஸ்ட் சொல்கிறார். இதற்குச் சரித்திரத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1887-ல் ஜெர்மன் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்கின் குரல்வளையில் வளர்ச்சி. மொரெல் மெக்கன்சி என்ற பிரிட்டிஷ் மருத்துவர் துணுக்குகள் எடுத்துக் கொடுக்க, ருடால்ஃப் ஃபிர்ஹோ பார்த்தார். லுகேமியா என்ற பெயரையே 1847-ல் வைத்த மனிதர், அந்தக் காலத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை. கொடுத்த துணுக்குகளில் புற்று இல்லை என்றார். ஜெர்மன் மருத்துவர்கள் ஆபரேஷன் செய்யச் சொல்லியும் காத்திருந்தார்கள். இளவரசர் 1888 மார்ச்சில் பேரரசராகி, 99 நாள் ஆண்டு, ஜூன் 15 அன்று குரல்வளைப் புற்றிலேயே இறந்தார். அதனால் உங்கள் விஷயத்திலும் எம்.ஆர்.ஐ. தெளிவில்லை என்று வந்து டாக்டர் துணுக்கு எடுக்கலாம் என்றால், அல்லது துணுக்கு நன்றாக வந்தும் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றால், அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம்.

செய்ய வேண்டியது என்று பார்த்தால் இவ்வளவுதான். எம்.ஆர்.ஐ. முடிந்ததும் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘பெஊர்டைலுங்’ என்று ஒரு பகுதி இருக்கும், முடிவுரை. மேலே உள்ள ஒரு பக்க வர்ணனையை விட்டுவிட்டு அதை முதலில் படியுங்கள், நான் சொன்ன உறுதிச் சொற்களில் எது ஹெமாங்கியோமுக்கு முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஹைடல்பெர்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 1986-லிருந்து க்ரெப்ஸ்இன்ஃபர்மாட்சியோன்ஸ்டீன்ஸ்ட் என்ற தகவல் சேவை நடத்துகிறது, ஃபோனிலும் மின்னஞ்சலிலும் கேட்கலாம், காசு இல்லை. ட்ரெஸ்டனில் 2011-ல் மருத்துவ மாணவர்கள் தொடங்கிய ‘வாஸ் ஹாப் இஷ்’ என்ற தளத்தில் ரிப்போர்ட்டைப் பதிவேற்றினால் எளிய ஜெர்மனில் எழுதித் தருவார்கள், அதுவும் இலவசம். எளிய ஜெர்மனிலிருந்து தமிழுக்குச் செயலி ஓரளவு சரியாகவே கொண்டுவரும், லத்தீன் கலந்த டாக்டர் ஜெர்மனிலிருந்துதான் வராது.

கடைசியாக, அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம், டாக்டரிடமும் சொல்லிவைக்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் அது நடக்காது. 2013-லிருந்து நோயாளி உரிமைச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது, நோயாளிக்குப் புரியும்படி நோயாளியிடமே விளக்க வேண்டும், பிள்ளைகளிடம் சொல்வதற்குத்தான் நோயாளியின் சம்மதம் வேண்டும். எனக்குத் தெரிய வேண்டாம், என் மகனிடம் பேசுங்கள் என்று அம்மாவே சொன்னால் அது அவருடைய உரிமை, அதை மதிப்பார்கள். நீங்களே துபாஷியாக உட்கார்ந்து ‘ஒன்றுமில்லைம்மா, சின்னக் கட்டிதான்’ என்று பாதியை விழுங்குவதாக இருந்தால் தயவுசெய்து வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கான செலவைப் பொதுவாக அரசு இன்ஷூரன்ஸ் தராது, ஆனால் சில ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும் நர்ஸ் யாராவது இருக்கக்கூடும், முன்கூட்டியே ஃபோன் செய்து கேளுங்கள். 2016-ல் மருந்து, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாவற்றையும் கடந்து வந்தவர் அவர். டிடி ஃபீலியா என்றால் என்ன என்று அவருக்கு உங்களைவிடச் சீக்கிரம் புரிந்துவிடும், ஏற்கெனவே புரிந்துகொண்டு உங்களுக்காகச் சும்மா இருக்கிறார் என்றாலும் எனக்கு ஆச்சரியமில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்ததும் பெஊர்டைலுங் பகுதியை மட்டும், பெயர், பிறந்த தேதி எல்லாம் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், சொற்களை விளக்கிச் சொல்கிறேன்.